தையல் பிரித்தால் போதுமா? அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில்: வாசகர் கேள்வி – பதில்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைப் பராமரிப்பது குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றை நோயாளிகளைவிட, அவர்களைக் கவனித்துக்கொள்ளும் மருமகள்களும் மகன்களும் நண்பர்களுமே எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனையில் இருக்கும் நான்கைந்து நாட்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வார்டே இருக்கிறது. அதன் பின் வரும் ஆறு வாரங்களை ஒரு குடும்பம், பல வீடுகளில் அந்தக் குடும்பத்தின் ஒரே ஒரு பெண், தாங்க வேண்டியிருக்கிறது. அவர்களை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இங்கே நான் சொல்வதற்கு மாறாக ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவருக்கு உங்கள் உடல் நேரடியாகத் தெரியும்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 66. இரண்டு வாரங்களுக்கு முன்பு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கும்போது வலி தாங்காமல் அழுகிறார். "தையல் விட்டுவிடும், பேசாமல் படுத்திருக்கட்டும்" என்கிறார் என் கணவரின் அத்தை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கிறது என்று மாமியார் சொல்கிறார். தைலம் தேய்த்து நீவிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பிசியோதெரபிஸ்ட் சொல்வதைக் கேளுங்கள். அத்தையின் அக்கறையில் குறையில்லை. ஆனால் அவர் சொல்கிறபடி செய்தால், அவ்வளவு செலவு செய்து பொருத்திய மூட்டு மடங்காமலே போய்விடக்கூடும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆறு வாரங்களில் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு உருவாகிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் காலை மடக்கியும் நீட்டியும் வந்தால் அந்தத் திசு நெகிழ்வாக அமைகிறது. அசைக்காமல் வைத்திருந்தால் இறுகிப்போகிறது. அப்படி இறுகிய பிறகு மீண்டும் மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டிய நிலை சிலருக்கு வருகிறது. முறையாகச் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் தையல் விட்டுவிடாது.

அந்தத் தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். மூட்டு மாற்றியவர்களின் வீடுகளில், அன்பினால் செய்யப்படும் தவறுகளில் மிகப் பெரியது இதுதான். முழங்கால் சற்று மடங்கிய நிலையில் வலி குறைவது உண்மை. ஆனால் இரவு முழுவதும் அதே நிலையில் கிடந்தால் கால் முழுமையாக நீளாது. முழுமையாக நீளாத காலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்க முடியாது. வீக்கம் வடிவதற்காகக் காலை உயர்த்தி வைக்க வேண்டுமென்றால், குதிகாலுக்கும் கெண்டைக்காலின் கீழ்ப்பகுதிக்கும் அடியில் தலையணை வைத்து, முழங்காலுக்குக் கீழே எதுவும் முட்டுக்கொடுக்காமல் விடுங்கள்.

தைலம் தேய்த்து நீவுவது கூடவே கூடாது. ஆறாத காயத்தின் அருகே எண்ணெய் படக் கூடாது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, பெரிய மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் கெண்டைக்காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாக வாய்ப்பிருக்கிறது என்பதும், அந்த இடத்தை அழுத்தி நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதும் ஆகும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் வலிக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் வரை நிறுத்தாதீர்கள். படுத்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழுமாக அசைக்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் அசைப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வலிக்கு வருவோம். மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்குச் சுமார் அரை மணி நேரத்துக்கு முன்பு கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைத்து எடுங்கள். மாமியார் அழும்போது, போதும் விட்டுவிடுங்கள் என்று பிசியோதெரபிஸ்டைத் தடுப்பதைவிட, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மடக்கும் எண்ணிக்கையைச் சேர்ந்து எண்ணுங்கள். நேற்று எவ்வளவு மடங்கியது, இன்று எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அவருக்கே தைரியம் வரும்.

படுக்க வைத்தால்தான் உடல் தேறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் மட்டும் இருந்ததன்று. ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலும் இருந்தது. 1990-களில் டென்மார்க் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கேலெட், பெருங்குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே வலியை நன்றாகக் கட்டுப்படுத்தி, சீக்கிரம் உணவு கொடுத்து, சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டால் சில நாட்களிலேயே அவர்கள் வீடு திரும்ப முடியும் என்று காட்டினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை அதிலிருந்து வளர்ந்ததுதான். அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மற்றபடி, தரையில் அமர்வதும் இந்திய முறைக் கழிப்பறையும் இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். வாக்கர் போகும் வழியில் உள்ள கால்மிதிகளையெல்லாம் சுருட்டி எடுத்து வையுங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை சிகிச்சை செய்த கால் முதலில். பிசியோதெரபிஸ்டுக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பது சிரமம் என்றால், தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் வசதி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. குடல்வால் வெடித்து, அவசரமாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லித்தான் மருத்துவர் அனுப்பினார். ஆனால் பருப்பு, தயிர், முட்டை, கத்தரிக்காய் எது சேர்த்தாலும் சீழ் பிடிக்கும் என்று பாட்டி தடுக்கிறார். ரசம் சாதம், பிரெட், ஹார்லிக்ஸ் ஆகியவற்றை மட்டுமே கொடுத்து வருகிறோம். காயத்தின் ஓர் ஓரம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அந்த ஈரமான ஓரத்தை முதலில் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெடித்த குடல்வாலுக்காகத் திறந்த வயிற்றில் காயம் தொற்றுக்கு உள்ளாவது அரிதான செய்தியன்று. காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, கெட்ட வாடை, கட்டியான திரவம் வடிவது, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் இன்றே போக வேண்டும்.

சீழ் கிருமியால் உண்டாகிறது. பருப்பாலும் தயிராலும் உண்டாவதில்லை. புதிய திசுவைக் கட்டுவதற்கு உடலுக்கு வேண்டிய பொருள் புரதம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ரசம் சாதத்தையும் பிரெட்டையும் கொண்டு அதில் பாதியைத் தாண்டுவதே கடினம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. அதைத்தான் பாட்டி தடுக்கிறார். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் மூன்றுமே இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றுபவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் காயம் ஆறத் தாமதமாகும், கிருமியும் எளிதில் பிடிக்கும். ஆகவே வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். சாப்பிட்ட பின் 180-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் ஜூஸ் டப்பாக்களை வேறு யாராவது குடிக்கட்டும்.

காலையில் இட்லியோடு கெட்டியான சாம்பாரும் ஒரு முட்டையும், மதியம் சோற்றைக் குறைத்துக் கூட்டும் பருப்பும் கீரையும், அசைவம் சாப்பிடுபவர் என்றால் குழம்பில் வெந்த மீனும், இரவில் தயிரும் என்று தொடங்குங்கள். ஆட்டுக்கால் சூப்பை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுக் கறியை ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது; புரதம் பெரும்பாலும் அந்தக் கறியில்தான் தங்கியிருக்கிறது. கொய்யாவும் நெல்லிக்காயும் காயம் ஆற வேண்டிய வைட்டமின் சி-யைத் தருகின்றன. சுண்டல் வகைகளை வயிறு பழகிய பிறகு சேர்க்கலாம்.

பாட்டியிடம் வாதாடாதீர்கள். பத்தியம் என்பது நம் மருத்துவ மரபில் குறிப்பிட்ட மருந்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. அவர் தம் பெரியவர்களிடம் கற்றதை மகன்மேல் உள்ள பாசத்தால் பின்பற்றுகிறார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். பிறகு மதியச் சமையலை அவர் பொறுப்பில் விடுங்கள். என்ன சமைக்கலாம் என்று அவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டால், எதை விலக்குவது என்ற கவலை தானாகவே குறையும்.

கேள்வி: வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று சொல்லி என் கணவர் வலியைப் பொறுத்துக்கொண்டே படுத்திருக்கிறார். இது சரியா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சரியில்லை. வலியைப் பொறுத்துக்கொள்பவர் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், நடக்க மாட்டார். அதனால் சளி தேங்கும், தூக்கமும் கெடும். எழுதிக் கொடுத்த நாட்களுக்கு, எழுதிக் கொடுத்த நேரங்களில், வலி உச்சத்துக்குப் போகும் முன்பே மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். அவருடைய பயத்திலும் ஓர் உண்மை இருக்கிறது: டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அவருக்கு அப்படி ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால், காய்ச்சலுக்கென்று தனியாக ஒன்றைச் சேர்க்கும் முன் அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக் கூடாது. முதியவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதற்கும் குறைவு. டிரமடால் சேர்ந்த மாத்திரையானால் மலச்சிக்கலும் தலைசுற்றலும் வரும். தண்ணீரும் கீரையும் கூடுதலாகக் கொடுங்கள், இரவில் கழிப்பறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 47. லேப்ராஸ்கோப்பி மூலம் கர்ப்பப்பையை எடுத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. முதல் வாரம் அம்மா வந்து இருந்துவிட்டுப் போனார். இப்போது வயிற்றில் சிறிய தழும்புகள் மட்டுமே தெரிகின்றன. வேலை செய் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுந்திருக்காவிட்டால் அடுப்பு எரியாது, குடம் நிரம்பாது. என் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் நல்லவர்கள்தாம். எனக்குச் சீக்கிரமே களைத்துப்போகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. நான் மிகைப்படுத்துகிறேனோ என்று தோன்றுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: இல்லை, நீங்கள் மிகைப்படுத்தவில்லை. உங்கள் கணவரும் மகனும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

லேப்ராஸ்கோப்பியில் வெளிக்காயம் சிறியது என்பதால், உள்ளே நடந்ததும் சிறியது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். கர்ப்பப்பையை எடுத்த இடத்தில், பிறப்புறுப்பின் மேல்முனை உட்புறமாகத் தைத்து மூடப்பட்டிருக்கிறது. அந்தத் தையல் யார் கண்ணுக்கும் தெரியாது. அது உறுதிப்படக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். பொதுவாகவே ஓர் அறுவைக் காயம் மூன்றாவது வாரத்தில் தன் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெற்றிருக்கும். மூன்று மாதங்களானாலும் எண்பது சதவீதத்தை ஒட்டித்தான் வந்திருக்கும். நீங்கள் இப்போது அந்த மூன்றாவது வாரத்தில் இருக்கிறீர்கள்.

இந்தக் காலத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வோம். சில மருத்துவர்கள் அதற்கும் குறைவாகவே அனுமதிப்பார்கள். அந்த எண்ணை உங்கள் சமையலறைக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஆகவே 15 லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் 15 கிலோ, தண்ணீர் கேன் 20 கிலோ, நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. துவைத்துப் பிழியாத போர்வைகள் உள்ள வாளியும், மாவு நிரம்பிய கிரைண்டர் பாத்திரமும், குடும்பத்துக்கே சோறு வெந்த பெரிய குக்கரும் எளிதாக அந்த வரம்பைத் தாண்டிவிடும். குனிந்து வீடு துடைப்பதும் வயிற்றுத் தசையை இறுக்கும் வேலைதான். இவற்றை ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை நீங்கள் தொடவே கூடாது. செய்ய முடிந்தாலும் கூடாது.

ஐயா, தம்பி, உங்கள் இருவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கேட்டால் செய்கிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். கேட்பதற்கு அவருக்கு வாய் வராது. இத்தனை ஆண்டுகள் அவர் கேட்டுப் பழகியதே இல்லை. எது குறைகிறது என்று பார்த்து, நினைவில் வைத்து, ஆள் ஏவுவதும் ஒரு வேலை. அந்த வேலையிலிருந்தும் அவருக்கு ஓய்வு வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தில் எழுந்து குடங்களைப் பிடித்து வைப்பது, துணி துவைத்துக் காயப்போடுவது, இரவுப் பாத்திரம் துலக்குவது ஆகியவற்றை அவர் சொல்லாமலே இருவரும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். மகன் குக்கரில் சோறு வைக்கவும் ஒரு பருப்புக் குழம்பு வைக்கவும் இந்த வாரமே கற்றுக்கொள்ளட்டும். வாரத்தில் சில நாட்களுக்கு மாவைக் கடையில் வாங்கினால் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. அவர் நாற்காலியில் அமர்ந்து காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம், தெருவில் மெதுவாக நடக்கலாம். நடை தினமும் சற்றுக் கூடிக்கொண்டே வருவது நல்லது. தாம்பத்திய உறவு, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் கழிந்து மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகே.

அம்மா, உங்கள் களைப்பு உண்மையானது. மயக்க மருந்து, இரத்த இழப்பு, தூக்கமின்மை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் உடல் மீண்டுகொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பு நீண்டகாலம் அதிக இரத்தப்போக்கு இருந்தவர் என்றால், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அழுகைக்கும் காரணம் இருக்கக்கூடும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் ஒரே நாளில் வந்து விழும். உடல் சூடு, வியர்வை, தூக்கம் கலைதல், மனம் கலங்குதல் எல்லாம் அதில் அடங்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கும். இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் விலகாமல் நீடித்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிக இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள கசிவு, காய்ச்சல், கால் வீக்கம், சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும்.

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்த என் அண்ணனைப் பார்க்க உறவினர்கள் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மாலை 5 மணி முதல் 6 மணி வரை என்று ஒரு நேரத்தை மருத்துவர் சொன்னதாகவே அறிவித்துவிடுங்கள், என் பெயரைச் சொல்லிக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு முறை நலம் குறித்து நான்கு வரி போட்டுவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம். வருபவர்கள் கை கழுவிவிட்டு, கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் அமர வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதே ஆபரேஷனில் யாருக்கோ என்னவோ ஆனது என்ற கதையைத் தயவுசெய்து நோயாளியின் கட்டிலருகே சொல்லாதீர்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, "வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பரிசோதனைக்கு அழைத்துப்போக ஒரு கார், பிள்ளைகளைப் பள்ளியில் விட ஒரு ஆள், பராமரிப்பவர் இரண்டு மணி நேரம் கண் அயர்வதற்கு ஒரு மாற்று ஆள் ஆகியவைதான் அந்த வீட்டுக்குத் தேவை. ஆப்பிளும் சாத்துக்குடியும் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கும்.

கேள்வி: குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் அப்பாவுக்கு (வயது 78) அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். பகலில் ஓரளவு சரியாக இருக்கிறார். மாலையானால் இறந்துபோன தன் தம்பியோடு பேசுகிறார், இது என் வீடு இல்லை என்கிறார், இரவில் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். ஆபரேஷனுக்கு முன் நன்றாக இருந்தவர். காற்றுக் கருப்பு ஏதோ பட்டிருக்கிறது, மந்திரிக்கலாம் என்கிறார்கள் சிலர். புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் சிலர்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டுமில்லை. முதியவர்களுக்கு, குறிப்பாக இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சைக்குப் பின், அடிக்கடி வரும் தற்காலிக மனக்குழப்பம் இது. ஆபரேஷனுக்கு முன் தெளிவாக இருந்தவரிடம் திடீரெனத் தொடங்கியிருப்பதும், பகலில் தெளிந்து மாலையில் கூடுவதும் இதன் அடையாளங்கள். பெரும்பாலானோருக்குச் சில நாட்களில், அல்லது சில வாரங்களில் தெளிந்துவிடுகிறது. சிலருக்கு முழுமையாகத் தெளியக் கூடுதல் காலம் பிடிக்கும்.

ஆனால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அடியில் வேறொரு கோளாறு இருந்து அதுவே குழப்பத்தைத் தூண்டிக்கொண்டிருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, சிறுநீர் முழுவதும் பிரியாமல் தேங்குதல், பல நாள் மலச்சிக்கல், இரத்தத்தில் சோடியம் குறைதல், அடங்காத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவை வழக்கமான காரணங்கள். இன்றே மருத்துவருக்குச் சொல்லி இவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். தூங்க வைப்பதற்காக மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது குழப்பத்தைக் கூட்டும், மறுபடி விழவும் வைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை, ஆனால் பலன் தருபவை. அவருடைய கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் மூன்றும் பகலில் அவர்மேல் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்காகக் கழற்றிப் பையில் போட்டவை பல வீடுகளில் அந்தப் பையிலேயே கிடக்கின்றன. படுத்த இடத்திலிருந்து தெரியும்படி பெரிய எண்கள் உள்ள கடிகாரத்தையும் தினசரிக் காலண்டரையும் மாட்டுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரச் செய்து, மருத்துவர் அனுமதித்த அளவு உட்கார வைத்து, வாக்கரில் நடக்கவிடுங்கள். இரவில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும். முறை வைத்து ஆட்கள் மாறினாலும், மாலை நேரத்தில் அவருக்கு மிகப் பழகிய முகமே அருகில் இருப்பது நல்லது. தம்பியோடு பேசினால், அவர் செத்துப்போய்விட்டார் என்று மறுத்து வாதாட வேண்டாம்; "அப்பா, நான் உங்கள் மகள், நம் வீட்டில்தான் இருக்கிறீர்கள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுச் சித்தப்பாவைப் பற்றிய பழைய நினைவு ஒன்றைக் கேளுங்கள். கையைக் காலைக் கட்டிப்போடக் கூடாது, பதற்றம் இரட்டிப்பாகும்.

உங்களுக்கும் தூக்கம் வேண்டும். உடன்பிறந்தவர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், வீடியோ அழைப்பில் நலம் விசாரிப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. இரவு நேரத்துக்கு ஒரு பராமரிப்பாளரை ஏற்பாடு செய்து அவருக்குச் சம்பளம் கொடுப்பதும், காப்பீட்டுக் காகிதங்களைக் கவனிப்பதும், மருத்துவரோடு பேசுவதும் எங்கிருந்தும் செய்யக்கூடியவை. அவற்றை அவர்களிடம் வெளிப்படையாகக் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களோடு பணியாற்றும் நண்பர், வயது 54, தனியாக வசிப்பவர். அடுத்த வாரம் அவருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை. உறவினர் யாரும் அருகில் இல்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எப்படித் திட்டமிடுவது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது மனம் நிறைந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டிருப்பதும் நல்லதாயிற்று.

உங்களில் ஒருவர் மட்டும் மருத்துவமனையோடு பேசுபவராக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவர் நேரில் இருந்து, எந்த மாத்திரை எதற்கு, எது எத்தனை நாள், அடுத்த பரிசோதனை என்றைக்கு, அவசரத்துக்கு எந்த எண் என்பதைக் கேட்டு எழுதி, அந்தத் தாளை மற்ற எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை யாருடைய பேச்சையும் கேட்டு நிறுத்தக் கூடாது என்பதை அதில் முதல் வரியாக எழுதுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு இரவில் ஒருவர் அங்கேயே தங்குவது அவசியம். அதன் பிறகு காலையும் மாலையும் ஒருவர் வந்துபோனால் போதும். மாற்றுச் சாவி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அவர் குளிக்கும்போது கதவை உட்புறம் தாழிட வேண்டாம்.

பைபாஸில் மார்பெலும்பை நடுவில் பிளந்து, பிறகு கம்பியால் சேர்த்துக் கட்டுகிறார்கள். அது கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குவதும், கனமான கதவைத் தள்ளுவதும், கைகளை ஊன்றி எழுவதும், இருசக்கர வாகனம் ஓட்டுவதும் கூடாது. எழும்போது பக்கவாட்டில் புரண்டு, கால்களைத் தொங்கவிட்டு எழப் பழக்குங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். இருமுவதைத் தவிர்க்கக் கூடாது. மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்தனுப்புவார்கள். அதை அலமாரியில் வைத்துவிடாமல் சொன்னபடி பயன்படுத்தச் சொல்லுங்கள். காலிலிருந்து இரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் சில வாரங்கள் வீங்கித்தான் இருக்கும். உட்காரும்போது உயர்த்தி வைக்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்த்துக் குறிக்கட்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள், மருத்துவருக்குச் சொல்லுங்கள். மார்புக் காயத்தில் கசிவு, எலும்பு நறநறவென்று அசையும் உணர்வு, காய்ச்சல், படபடப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

அவருடைய கட்டிலை ஜன்னலோரம் போட முடியுமா என்று பாருங்கள். ராஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள் என்றும், அவர்களுக்குக் கடுமையான வலிமருந்துகள் குறைவாகவே தேவைப்பட்டன என்றும் காட்டினார். தனியாக இருப்பவருக்கு, கண்ணெதிரே தெரு நடமாட்டம் தெரிவதும் ஒரு துணைதான்.

கடைசியாக, பைபாஸ் செய்துகொண்டவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களில் மனம் தளர்ந்துபோகும். சின்ன விஷயத்துக்குக் கண்கலங்குவார்கள், பசியெடுக்காது, தூக்கம் வராது, எரிச்சல் வரும். உங்கள்மேல் கோபப்பட்டால் நண்பர்கள் யாரும் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். வாரங்கள் போயும் அது விலகவில்லையென்றால் இதய மருத்துவரிடமே சொல்லுங்கள். கவனிக்கப்படாத மனச்சோர்வு இதயத்தின் மீட்சியையும் தாமதப்படுத்துகிறது. முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பிறகு மாடியிலோ தெருவிலோ பத்து நிமிடம் என்று நடையைக் கூட்டும்போது ஒருவர் உடன் போங்கள். உங்கள் முறைப் பட்டியலில் சாப்பாட்டுக்கு ஒரு பெயர், மருந்துக்கு ஒரு பெயர் என்று எழுதும்போது, மாலை நடைக்கும் ஒரு பெயரை எழுதிவிடுங்கள். அவர் அலுவலகம் திரும்பிய பிறகும் அந்த ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டாம்.